பச்சைத் தாளில் அவல், மஞ்சள் தாளில் முந்திரி

ரோசெலின் அம்மா பாசிங் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். பெண் கேட்டு வரும்போது கடையில் வாங்கின இனிப்போடு வாசல் ஏறக் கூடாது.

ஆர்னெல் அதை அப்பாவிடம் சொன்னபோது தெர்யோ சமையற்கட்டில் கேஸ் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் தடவுவார். நுரை எங்கேயாவது குமிழி விடுகிறதா என்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். அப்புறம்தான் அடுப்பு.

"கடையில வாங்கினா என்னவாம்?"

"அவங்க மூத்த பொண்ணைக் கேக்க வந்தவங்க கேக் டப்பாவோட வந்தாங்களாம்ப்பா. எட்டே மாசம். பொண்ணு பெட்டியத் தூக்கிட்டுத் திரும்பி வந்துடுச்சு."

"கேக்குக்கும் அதுக்கும் என்னடா?"

"அதை நீங்களே கேளுங்க. 'ரெண்டு ஆம்பளைங்க இருக்கற வீடு, அங்க அடுப்பு எரியுதா, இல்ல டப்பாவைத் தொறந்து தின்னுட்டுப் படுத்துக்கறாங்களா, எனக்குத் தெரியணும்'னாங்க. சோறு கறியெல்லாம் அவங்க பாத்துக்குவாங்களாம். இனிப்பு நம்ம கையால. தின்னு பாத்துட்டுத்தான் பதில் சொல்வாங்களாம்."

"என்ன பதிலு?"

"சரியா, இல்லையான்னு."

தெர்யோ சோப்புத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அவருக்கு இந்தப் பெண் பிடித்திருந்தது. ரோசெல் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். சத்தம் போட்டுப் பேசுவாள், பேசும்போது கண்ணைப் பார்ப்பாள். ஆர்னெலுக்கு முப்பத்துமூன்று ஆகிவிட்டது. கோழித் தீவன லாரி ஓட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் இனிமேல் வரப்போவதில்லை. பாசிங் இல்லை என்று சொல்லிவிட்டால் இவனும் வாயை மூடிக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விடுவான். அவன் அப்படிப்பட்டவன். இந்த ஊரில் பாசிங் பேச்சை மீறி அவள் வீட்டுப் பூனைகூட வெளியே போகாது.

"பாசிங் விக்கறதுக்கு எத்தனை விதம் மிட்டாய் செய்யறா?"

"பால் மிட்டாயா? நாலு. சாதா, எலுமிச்சந்தோல் சீவிப் போட்டது, பலாப்பழம், ஊபேக் கிழங்கு."

"அப்ப நாமளும் நாலு விதம் செய்வோம்."

பால் மிட்டாய் செய்கிறவள் வீட்டுக்குப் பால் மிட்டாய் கொண்டுபோக அவருக்கென்ன பைத்தியமா? பொல்வரோன் செய்வதென்று முடிவு பண்ணினார். மைதாவை வறுத்து, பால் பவுடரும் சர்க்கரையும் உருக்கின வெண்ணெயும் கலந்து, அச்சில் அமுக்கித் தள்ளினால் முட்டை வடிவத்தில் வந்து விழும். அடுப்பில் வேலை மாவு வறுக்கிற வரைக்கும்தான். ஆனால் எல்லாமே அந்த வறுப்பில்தான் இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் பச்சை மாவு, கொஞ்சம் பிந்தினால் கருக்கல். எல்லோரும் வாசனையை வைத்துத்தான் இறக்குவார்கள்.

தெர்யோவுக்கு வாசனை கிடையாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் பதினோரு நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கைக் கொண்டுபோய்விட்டது. நாக்கில் இனிப்பு தெரியும், உப்பு தெரியும், புளிப்பும் உறைப்பும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மாம்பழம் என்றால் அவருக்கு இனிப்பான வழவழப்பு, காபி என்றால் கசப்பான சூடு.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆர்னெலிடமும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டினவர். பின்னால் உட்கார்ந்தவன் கையிலிருந்து முன்னால் வந்து சேருவதற்குள் சில்லறை எப்படிக் குறையும் என்று பார்த்தவர். ஒரு மனுஷனிடம் ஒரு ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் ஊரே அதில் கையை விடும் என்பது அவர் கணக்கு. முக்கியமாகச் சந்தையில் மீன் விற்கிற தோரோ. தெர்யோவுக்கு மூக்கு இல்லை என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தால், முந்தாநாள் பால்கெண்டையை இன்றைக்குப் பிடித்தது என்று தலையில் கட்டிவிடுவான். அதனால் தெர்யோ இந்த ரெண்டு வருஷமும் மீனைத் தூக்கி மூக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, "வேற எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் பார்த்தது செவுளின் சிவப்பையும் கண்ணின் பளபளப்பையும்தான்.

அந்தத் தோரோ யார் என்றால், பாசிங்கின் கூடப்பிறந்த தம்பி. ஞாயிற்றுக்கிழமை பந்தியில் அவனும் இருப்பான்.

வியாழக்கிழமை ஆர்னெலுக்கு லீவு. தெர்யோ இரும்புச் சட்டியை ஏற்றி, தீயைக் குறைத்து, மாவைக் கொட்டினார். ஆணிக் கடையில் ஆணி மடித்துத் தருகிற காக்கிப் பை ஒன்றை எடுத்து அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருந்தார். மாவு அந்தப் பையின் நிறத்துக்கு வந்தால் இறக்க வேண்டும். அதுதான் அவருடைய மூக்கு. ஊபேவுக்கு மட்டும் பையின் நிறம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். மாவு சிவந்துவிட்டால் ஊதா நிறம் எடுக்காது, சேறு மாதிரி ஆகிவிடும்.

"இதென்னப்பா காக்கிப் பை?" என்றான் ஆர்னெல்.

"அடுப்புச் சூடு சுவத்துல படக் கூடாது."

"ஒரு சாண் பையா சூட்டைத் தடுக்கப்போவுது?"

"முந்திரிய இடிடா. பேசிக்கிட்டே நிக்கறான்."

ஆர்னெல் முந்திரியை இடித்தான். பச்சை அவலைத் தனியாக வறுத்துப் பொரித்தான். ஊபேப் பொடி டப்பாவில் இருந்ததைப் படித்துச் சொன்னான். தெர்யோ நாலு பாத்திரத்தில் நாலு கலவையும் பிசைந்தார். ஒரு சிட்டிகை பிடித்து அமுக்கினால் நிற்க வேண்டும், ஊதினால் உதிர வேண்டும். அப்படியே வந்தது. அச்சில் தள்ளினார். சாயங்காலத்துக்குள் நூற்றிருபது உருப்படி.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரே வழிதான் இருந்தது, சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. ஒரு முழுப் பொல்வரோனை வாயில் போட்டுக்கொண்டு விசில் அடிக்க வேண்டும். வெண்ணெயும் மாவும் சரியாகச் சேர்ந்திருந்தால் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு காற்றை விடாது. விசில் வந்துவிட்டால் கலவை தப்பு. தெர்யோ வாயில் போட்டு உதட்டைக் குவித்தார். மாவுதான் பறந்தது. நல்லது.

"ஆர்னெல், நீ தின்னு பாரு."

ஆர்னெல் நாலு விதத்திலும் ஒன்று தின்றான். ஊபேவில் ரெண்டு தின்றான். "அப்பா, அம்மா செஞ்சாக்கூட இப்படி வராது."

"உங்கம்மாவுக்குப் பொறுமை கிடையாது. தீய ஏத்தி வெச்சுடுவா." சொல்லிவிட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜில் அடுக்கினார். ஆர்னெல் மூன்றாவது ஊபேவுக்குக் கை நீட்டியபோது கதவைச் சாத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஆர்னெல் லாரியோடு வடக்கே போய்விட்டான். சனி ராத்திரிதான் வருவான். தெர்யோ பொட்டலம் கட்ட உட்கார்ந்தார். நாலு விதத்துக்கு நாலு நிறத் தாள் வேண்டும். சாதாவுக்கு வெள்ளை, அவலுக்குப் பச்சை, முந்திரிக்கு மஞ்சள், ஊபேவுக்கு ஊதா. கடையில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. கடைக்காரி சிரித்துக்கொண்டே, "எல்லாம் ஒரே கலர்ல சுத்துங்களேன் தாத்தா, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே" என்றாள். அவர் அந்த வெள்ளையையும் வாங்காமல் வந்துவிட்டார். அவருக்கு மட்டும்தான் எல்லாம் ஒன்று. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. தாள் தப்பினால், ஊதாத் தாளில் முந்திரி இருந்தால், பாசிங் அதைச் சும்மா விடுவாளா?

அப்போதுதான் கோன்சிங்கின் பெட்டி ஞாபகம் வந்தது. கோன்சிங் அவர் மனைவி, செத்து நாலு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திர விளக்கு ஒட்ட வாங்கிய மெல்லிய கலர் தாள், கட்டுக் கட்டாக, அலமாரிக்குள் இருக்கிற மரப்பெட்டியில் அவள் துணிகளுக்கு அடியில் கிடந்தது. திறந்தார். நாலு நிறமும் இருந்தது. நடுவே பாச்சை உருண்டைகள் ஏழெட்டு, கரைந்து பட்டாணி அளவுக்கு ஆகியிருந்தன. அவற்றைத் தட்டிவிட்டு, தாளை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை இல்லை, பூச்சி அரிக்கவில்லை. கண்ணுக்குச் சுத்தம். ரெண்டு வருஷமாக அவருக்குக் கண்ணுக்குச் சுத்தம் என்றால் சுத்தம்.

சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சுற்றி, ரெண்டு முனையையும் முறுக்கினார். பெரிய பிஸ்கட் டின்னில் நிறம் நிறமாக அடுக்கினார். மூடியை அமுக்கி, பிளாஸ்டிக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, ஜீப்னி மேல் மூட்டை கட்டுகிற முடிச்சுப் போட்டார். சனி ராத்திரி ஆர்னெல் வந்ததும் டின்னைத்தான் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. டெஸ்டுக்கு."

"வியாழக்கெழமையே டெஸ்ட் முடிஞ்சுது."

"சொந்த மகனை நம்பாம கயிறு கட்டி வெச்சிருக்கீங்களே."

"மகன்னுதான் நாலு சுத்து. வேற ஆளா இருந்தா பூட்டுப் போட்டிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தெர்யோ தன் கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டே தடவை போட்ட அன்னாசி நார்ச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அதுவும் அதே அலமாரிதான். டின்னை மடியில் வைத்துக்கொண்டு டிரைசைக்கிளில் உட்கார்ந்தார். பாதி வழியில் ஆர்னெல் மூக்கை உறிஞ்சினான்.

"அப்பா, என்ன இப்படி நாறுது? பாச்சை உருண்டை?"

தெர்யோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "சட்டைடா. நல்ல சட்டைன்னா அப்படித்தான் இருக்கும். உன்னை மாதிரி கோழித் தீவன வாசமா வரும்?"

"ஒரு நாள் வெயில்ல போட்டிருக்கலாம்ல?"

"போடாம இருப்பேனா?" போடவில்லை. ஆனாலும் சட்டைதான் என்று அவரே நம்பிவிட்டார். இறங்கும்போது சட்டையை ரெண்டு தடவை உதறிக்கொண்டார்.

பாசிங் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் பால் காய்கிறது. எருமைக்கு ஞாயிறு தெரியாது என்பாள். ரோசெல் வாசலுக்கு வந்து தெர்யோவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டவள் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்தாள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

பாசிங் குட்டையாக, அகலமாக, இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு நின்றாள். ஐம்பத்தெட்டு வயசு. "வாங்க தெர்யோ அண்ணே. கேக் டப்பா ஒண்ணும் இல்லையே?"

"டின்னு. உள்ள இருக்கறது நம்ம கை."

"பாப்போம்."

தோரோ உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். "அடடே, அண்ணே! மீனைத்தான் மோந்து பாப்பீங்க, இன்னிக்குப் பொண்ணையும் மோந்து பாத்துத்தான் எடுப்பீங்களா?"

"பொண்ணு உன் கடையில இருந்து வந்தா மோந்துதான் பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு நன்றாகப் போனது. புளிக் குழம்பு, பன்றிக்கறி, நூடுல்ஸ். தெர்யோ எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றார். சூடாக இருந்தது, அதனால் நன்றாக இருந்தது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இனிப்பு முடிகிற வரை எடுக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

தட்டுகளை எடுத்ததும் தெர்யோ முடிச்சை அவிழ்த்து மூடியைத் திறந்தார். "பச்சையில அவல், மஞ்சள்ள முந்திரி, ஊதாவுல ஊபே, வெள்ளையில சாதா. நீ நாலு விதம்னு கேள்விப்பட்டேன் பாசிங். நாங்களும் நாலு."

நாலு பேரும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். தோரோ பச்சையைப் பிரித்து முழுசாக வாயில் போட்டான். "யாரு விசிலடிக்கறாங்கன்னு பாக்கலாமா?" என்று சொல்லிக்கொண்டே போட்டவன், அதோடு நிறுத்திவிட்டான். ரோசெல் மஞ்சளைப் போட்டாள். ஆர்னெல் ஊதாவைப் போட்டு ஒரு தடவை மென்று, அப்பாவைப் பார்த்தான். பாசிங் வெள்ளையை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

சத்தமே இல்லை. தோரோ உதட்டை இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. ரோசெல் குனிந்து மேஜைத் துணியின் பூவைத் தடவினாள். பெண் கேட்டு வந்த பெரியவர் தன் கையால் செய்து கொண்டுவந்த பண்டம். அதை அவர் முன்னால் துப்ப இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது.

தெர்யோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தருக்கும் விசில் வரவில்லை. மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா! ஒருத்தன் ஊதல! அதான் சரியான பதம். காத்து போகாது! என்ன சம்பந்தி, பேச்சே வரல?"

பாசிங் எப்படியோ விழுங்கினாள். தண்ணீரைக் குடித்தாள். "இன்னும் சம்பந்தி ஆகல. நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க."

தெர்யோ ஊதாவை எடுத்துப் பிரித்துப் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார், மாவு பறந்தது. சிரித்தார். பாசிங் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்த முகம் மெல்ல வேறு மாதிரி ஆனது.

"அண்ணே, கொஞ்சம் சமையற்கட்டுக்கு வாங்க. பாலைப் பாக்கணும்."

உள்ளே பெரிய சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அவள் பாலைப் பார்க்கவில்லை. கையில் கொண்டுவந்த மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, தாளோடு அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

தெர்யோ சத்தமாக மூச்சை இழுத்தார். "வெண்ணெய் வாசம். முந்திரி வாசம்."

"பாச்சை உருண்டை வாசம்."

தெர்யோ குனிந்து தாளை உற்றுப் பார்த்தார்.

"நாலு பேரும் வாயத் தொறந்தா வெளிய வந்துரும்னு மூடிட்டு உக்காந்திருந்தோம். நீங்க மேஜையத் தட்டி ஜெயிச்சிட்டேன்னு கத்தறீங்க. மொதல்ல, இந்தக் கெழவன் வேணும்னே என்னை அவமானப்படுத்த வந்திருக்கான்னு நெனச்சேன். பொண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அப்புறம் நீங்களும் ஒண்ணைப் போட்டு ரசிச்சு மென்னீங்க." அவள் தாளைக் கசக்கினாள். "மூக்கு எப்பலேருந்து இல்ல?"

"சளி."

"எத்தனை நாள் சளி?"

தெர்யோ பாலைப் பார்த்தார். "ரெண்டு வருஷச் சளி."

"ஆர்னெலுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ஏமாத்துவாங்க."

"என் பொண்ணு உங்க வீட்டுல வந்து இருக்கப்போறா. அவ தூங்கறப்ப கேஸ் கசிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கசியாது. தெனம் காலையில சோப்புத் தண்ணி போட்டுக் குழாயப் பாக்கறேன். ராத்திரி சிலிண்டர் வாயத் திருகி மூடிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை பாப்பேன். படுத்ததுக்கப்புறம் எழுந்து வந்து மூணாந்தடவை. சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி எத்தனை மணிக்கு வடிச்சதுன்னு பாப்பேன். மூக்கு இருக்கறவன் எவன் இதெல்லாம் செய்யறான்?"

பாசிங் கொஞ்ச நேரம் பாலைக் கிளறினாள். அவள் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஒரு நாளாவது குழாயைத் தொட்டுப் பார்த்திருப்பாரா என்று யோசித்தாளோ என்னவோ.

"சரி. இப்ப வெளிய போயி எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"ஆர்னெல்கிட்டச் சொல்றேன். பொண்ணுகிட்டயும் சொல்றேன். தோரோ போனப்பறம்."

"தோரோ இருக்கறப்பவே."

"அவன் மீன்காரன்!"

"என் தம்பி. நாளைக்கு உங்க வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒண்ணுன்னா நடுவுல வந்து நிக்கப்போறவன். அவனை நம்ப முடியலைன்னா எங்க வீட்டுல பொண்ணு எடுக்காதீங்க. டின்னை மூடிக்கிட்டுப் போலாம். எனக்கு வருத்தமில்ல."

தெர்யோ சட்டையின் கைப் பித்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். வெளியே ஆர்னெலின் குரலே கேட்கவில்லை. அந்தப் பயல் இந்நேரம் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். இப்போது டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பேசாமல் பின்னால் வருவான். ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அதுதான் தெர்யோவுக்குத் தாங்கவில்லை. திட்டுகிற பையனாக இருந்தால் கிளம்பியிருப்பார்.

வெளியே போனார். உட்காரவில்லை. தோரோவைப் பார்க்காமல் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வாசன தெரியாது. காய்ச்சல் வந்தப்பப் போச்சு. தாளு பாச்சை உருண்டைப் பெட்டியில இருந்த தாளு. எனக்குத் தெரியல. துப்பணும்னா துப்பிக்குங்க."

யாரும் துப்பவில்லை. எல்லாம் எப்போதோ விழுங்கியாகிவிட்டது.

ஆர்னெல்தான் முதலில் பேசினான். "போன ஈஸ்டருக்கு நான் செஞ்ச கறி? நல்லாருக்குன்னு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே?"

"சூடா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"உப்பும் சரியா இருந்துச்சுடா. வேற என்ன வேணும்?"

ரோசெல் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பாச்சை உருண்டையா என்று தெரியவில்லை. தோரோ மட்டும் சிரிக்கவில்லை. அவன் மேஜையில் ரெண்டு கையையும் ஊன்றி எழுந்தான்.

"அண்ணே, ஒரு நிமிசம். ரெண்டு வருஷமா என் மீனைத் தூக்கித் தூக்கி மோந்து பாத்து, ஊரே பாக்கற மாதிரி மூஞ்சியச் சுளிச்சு, 'வேற எடுடா'ன்னு சொன்னீங்களே. அது?"

"செவுளப் பாத்தேன்."

"மோக்கற மாதிரி நடிச்சீங்களா?"

"நடிச்சேன்."

"தெர்யோ வந்தா மோந்துருவான், கத்துவான், வியாபாரம் கெடும்னு விடியக்காலையிலயே உங்களுக்குன்னு நல்ல மீனா நாலு எடுத்து ஐஸுக்கு அடியில ஒளிச்சு வெப்பேன்! பாதிரியார் கேட்டாக்கூடத் தர மாட்டேன்!"

"அதை ஏன் ஒளிச்சு வெக்கற? அப்ப மேல இருக்கறது என்ன மீனு?"

தோரோ வாயைத் திறந்தான், மூடினான். இப்போது பாசிங் சிரித்த சிரிப்பு பால் சட்டி வரை கேட்டிருக்கும். ஆர்னெலும் சிரித்துவிட்டான். தெர்யோ சிரிக்கவில்லை. அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. ஆனால் பாசிங் டின்னை எடுத்து ரோசெல் கையில் கொடுத்துவிட்டாள்.

"இதைக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் பொதை. கோழி தின்னுடப் போவுது. அண்ணே, சட்டையக் கழட்டிட்டு வாங்க. மாவு என்கிட்ட இருக்கு, வெண்ணெய் இருக்கு, அச்சும் இருக்கு. பொண்ணு கேக்க வந்த இடத்துல நல்ல இனிப்பு தின்னாம நான் பதில் சொல்ல மாட்டேன்."

தெர்யோ பனியனோடு அடுப்புக்கு முன்னால் நின்றார். பாசிங் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். சட்டியில் மாவு லேசாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைச் சட்டியை விட்டு எடுக்கவில்லை.

"எறக்குங்க," என்றாள் பாசிங்.

"இன்னும் காக்கிப் பை நிறம் வரல."

"என்ன பை?"

"ஆணிக் கடைப் பை. அந்த நிறம் வரணும்."

"என் மூக்கு சொல்லுது, எறக்குங்கன்னு."

"என் கண்ணு சொல்லுது, இருன்னு."

"எறக்குய்யா! கருகுது!"

தெர்யோ ஒரு கிளறு கிளறினார். பிறகு இறக்கினார். இறக்கி வைத்துவிட்டு, அவள் சொன்னது நிஜம்தானா என்று சட்டியை முறைத்துக்கொண்டே நின்றார். இரும்பின் சூட்டில் மாவு அதற்கப்புறமும் சிவந்து, சரியாக அந்தப் பையின் நிறத்துக்கு வந்து நின்றது. அவர் வீட்டுச் சட்டி இதைவிட மெல்லிசு. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவல் அந்த வீட்டில் இல்லை. முந்திரி இருந்தது, ஊபே இருந்தது. பாசிங் எலுமிச்சந்தோலைச் சீவிச் சாதா மாவில் போட்டாள். தெர்யோ, "பொல்வரோன்ல எவ எலுமிச்ச போடுவா?" என்றார். "நான் போடுவேன்," என்றாள். மூன்று விதமாகத்தான் வந்தது. தாள் சுற்றவில்லை. தட்டில் அப்படியே அடுக்கி மேஜைக்குக் கொண்டுபோனார்கள்.

தோரோ ஒன்றைப் போட்டு ஊதிப் பார்த்தான். மாவு ரோசெல் மேல் பறந்தது. ரோசெல் ரெண்டு தின்றுவிட்டு ஆர்னெலுக்கு ஊபேவைத் தள்ளிவைத்தாள். பாசிங் எலுமிச்சந்தோல் போட்டதை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆர்னெல் நாற்காலி நுனியில் இருந்தான்.

அவளால் பேச முடியவில்லை. வாய் நிறைய மாவு. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் ரெண்டு தாளைப் புரட்டி, கடைசியில் இருந்த அடுத்த வருஷ ஜனவரியில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

ஆர்னெல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ரோசெல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தோரோ கைதட்டினான். தெர்யோ மட்டும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டருக்குப் பக்கத்தில் போய், அவள் விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். விரல் பருமன். ரெண்டு கட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"பதினேழா, பதினெட்டா?"

பாசிங் விரலை அழுத்தினாள்.

"விரலெல்லாம் வேணாம். நாளைக்கு இல்லைன்னு சொல்லிட்டா? தண்ணியக் குடிச்சிட்டு வாயால சொல்லு."

ரோசெல் டம்ளரை நீட்டினாள். பாசிங் குடித்து முடிக்கிற வரைக்கும் தெர்யோ அங்கேயே நின்றார்.

"பதினெட்டு. சனிக்கிழமை," என்றாள் பாசிங். "போதுமா சம்பந்தி?"